கம்பளமும் வெந்நீரும்

அக்டோபர் 18, சனி

1. அண்ணனின் கம்பளம் பாழான விதம்.
2. அதில் சலவைக்காரர் இசக்கிமுத்துவின் தவறு.
3. மதினி சொன்னது.

அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கம்பளம். சாகும்வரை காலையில் அதில் முழங்காலிட்டுத்தான் ஜெபித்தார். வருகிற வியாழனன்று அவருடைய நினைவுநாள் ஜெபக்கூட்டம். கம்பளத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பை மதினி என்னிடம் விட்டார்கள்.

கம்பளி என்றால் நுரை போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். செயற்கை நூல் வெந்நீர் இயந்திரத்தைத் தாங்கும். வேதியியல் நடத்தியவன் அல்லவா, ஒரு நூலை எரித்துப் பார்த்தேன். கம்பளிக்குரிய மயிர் கருகும் வாடை இல்லை; செயற்கை நூல்போல் உருகி உருண்டது. வெந்நீர் என்று முடிவுசெய்தேன்.

பேட்டைக் கடையில் இசக்கிமுத்து தடவிப் பார்த்துவிட்டு, “கம்பளி மாதிரில்லா இருக்கு சார்? எதுக்கும் ஒரு மூலைல நனைச்சுப் பாப்பமா?” என்றார்.

“சோதிச்சாச்சு, வெந்நீர்லயே போடுங்க” என்றேன்.

இன்று மாலை அவரே கொண்டுவந்து மதினி வீட்டில் விரித்தார். சிவப்புச் சாயம் வெள்ளைப் பூக்களுக்குள் இறங்கியிருந்தது. கம்பளமும் ஒரு சாண் சுருங்கியிருந்தது.

“வேல தெரியாட்டா எதுக்குவே கடையத் தொறந்து வச்சிருக்கீரு? அவுக முட்டி போட்ட தடமே போச்சே” என்று மதினி அழுதார்கள்.

இசக்கிமுத்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். “நான்தாம்மா பாத்துச் செஞ்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எரித்தது ஓரத்தில் தைத்திருந்த குஞ்சத்தின் நூல்; அது மட்டும்தான் செயற்கை. அண்ணன் பொருளாயிற்றே என்று நடுவிலிருந்து ஒரு இழை பிடுங்கப் பயந்தேன்.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. இங்கே எழுதிவிட்டேன். மதினியிடம் இன்னும் சொல்லவில்லை.