எதிர்ப்பக்க இருக்கை

ஏப்ரல் 3

அன்புள்ள சிட்டு,

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் பல வாரம் ஆகுமாம். வழுக்கி விழ எனக்கு வேறு நாளே கிடைக்கவில்லை பார். விமானச் சீட்டு எடுத்து, பெட்டிக்குப் பூட்டும் வாங்கிய பிறகுதானா விழ வேண்டும்?

நான் வரவில்லை என்பதற்காகக் கடலுக்குப் போவதைத் தள்ளிப்போடாதே. அது குழந்தைகளுக்கு அவர்கள் அப்பா கொடுத்த வாக்கு. என் தம்பி ஒவ்வொரு முறையும் 'அடுத்த லீவுக்குக் கண்டிப்பா' என்பான். வேலை விடாது. கடைசியில் அவனே போய்விட்டான். இனி நாமும் அப்படிச் சொல்ல வேண்டாம்.

ரயிலில் மூன்றுக்கு மூன்று எதிரெதிர் இருக்கை என்று எழுதியிருந்தாய். வண்டி போகும் திசையைப் பார்த்து நீங்கள் மூன்று பேரும் உட்காருங்கள். பின்பக்கமாகப் போனால் உங்கள் மூவருக்குமே குமட்டும். நம் வீட்டில் அதைத் தாங்கியவர்கள் நானும் தம்பியும்தான். எங்களைத்தான் சின்ன வயதிலிருந்தே எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவார்கள். அந்தப் பக்கம் எனக்காக எடுத்த இருக்கை காலியாகப் போனால் போகட்டும்.

தோள்பட்டை எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பையெல்லாம் ஈரத்தோடு மூட்டை மூட்டையாகத் தூக்கினால் எந்தத் தோள் தாங்கும்? சலவைக்கூடத்தில் கொஞ்ச நாளைக்காவது மடிக்கிற வேலையாகக் கேட்டு வாங்கு.

திரும்பி வந்ததும் ஒன்று விடாமல் எழுது. தொலைபேசியில் நீ 'நல்லாயிருக்கோம் அண்ணி' என்பதைத் தாண்டுவதில்லை. எழுத உட்கார்ந்தால்தான் உனக்கு வாய் வருகிறது.

குழந்தைகளுக்கு அத்தையின் முத்தம்.

உன் அண்ணி

---

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

போய் வந்துவிட்டோம். கால் எப்படி இருக்கிறது? தனியாக எழுந்து நடக்கிறேன் என்று வீரம் காட்டாதீர்கள்.

ரயில் சுகமாகப் போயிற்று. நீங்கள் சொன்னபடியே உட்கார்ந்தோம். யாருக்கும் குமட்டவில்லை. எதிரே வயதான தம்பதி இருவர், வண்டி கிளம்பியதும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். உங்கள் இருக்கையில் பையை வைத்துக்கொண்டோம்.

நாங்கள் தங்கிய அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கடல் தெரியும் அறைக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். முதல் நாள் முழுக்க மழை. ஈரத் துண்டுகளை நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டு, கட்டிலிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றோம். பெரியவள் சிணுங்கவில்லை. 'அப்பா இருந்தா இந்த மழையிலயும் நம்மளக் கூட்டிட்டுப் போயிருப்பார்' என்றாள். 'போய்ட்டு, குளிருதுன்னு முதல்ல கத்துறதும் அவராத்தான் இருக்கும்' என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் வெயில். கடலோரத் தெருவில் ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அலைச் சத்தம் கேட்கிறது, கடல் தெரியவில்லை. படி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் சின்னவனுக்குப் பொறுமை போய்விட்டது. தோளில் ஏறி உட்கார்ந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தான். எங்கள் எல்லோருக்கும் முன்னால் கடலைப் பார்த்தது அவன்தான். பிறகு குனிந்து, 'அம்மா, இதை எத்தனை மணிக்கு மூடுவாங்க?' என்று கேட்டான்.

தோள் வலி அப்படியேதான் இருக்கிறது. வலது கை தலைக்கு மேல் எழும்ப மாட்டேன் என்கிறது. பெரியவள் தன் தலையைத் தானே வாரிக்கொள்ளப் பழகிவிட்டாள். மடிக்கிற வேலை கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறார்கள்.

உங்கள் நினைவாகவே இருந்தோம்.

உங்கள் சிட்டு

---

ஏப்ரல் 30

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் கிடைத்தது. கடலை மூடும் நேரத்தை நினைத்து நினைத்துச் சிரித்தேன். காலைப் பார்க்க வந்த நர்ஸிடமும் சொன்னேன்.

நான் வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தேன். விடை சரியாக இருக்கும், நடுவில் ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கும். அப்படிப்பட்ட தாளில் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, 'இந்த வரியை ஏன் எழுதலே?' என்று கேட்பேன். திட்டுவேனோ என்று பயந்து நிற்கும். நான் திட்டியதில்லை. ஆனால் கேட்காமல் விட்டதும் இல்லை.

உன் கை தலைக்கு மேல் எழும்பவில்லை. பெரியவளோ தன் பள்ளிப் பையைத் தூக்கவே தள்ளாடுகிறவள். சின்னவன் ஏறி உட்கார்ந்தது யார் தோள்?

என் இருக்கையில் பையை வைத்ததாக எழுதியிருக்கிறாய். பைக்குத் தோள் உண்டா, சிட்டு?

அண்ணி

---

மே 11

அண்ணிக்கு,

இதை எழுதுவதற்குள் பல காகிதம் கிழித்துவிட்டேன்.

அவர் எங்கள் சலவைக்கூடத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். குழந்தைகள் ஸ்பேனர் மாமா என்பார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணத்தை மறந்துபோனவர். அந்த அம்மாவும் இப்போது இல்லை. வீட்டில் குழாய் ஒழுகியபோது வந்தார். பிறகு ஒழுகாதபோதும் வந்தார்.

சீட்டு வீணாகிறதே என்றுதான் அவரைக் கூப்பிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். அவர் வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இரண்டு நாளும் அவர் அறை தனி, வேறு மாடி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் நான் எதுவும் சொல்வதற்கு முன்பே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். 'எனக்கு எப்படிப் போனாலும் ஒண்ணுதான்' என்றார். உங்கள் தம்பி அந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன சொல்வார், நினைவிருக்கிறதா? 'அங்கே உட்கார்ந்தா ஊர் தெரியும். இங்கே உட்கார்ந்தாத்தான் நீங்க தெரியறீங்க.' எனக்கு அதுதான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடல் வரும் வரை நான் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அந்தத் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். எங்கள் அண்ணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். காத்திருக்கிறேன் என்றார்.

எனக்கு அம்மா வீடு என்று ஒன்றும் இல்லை. நீங்கள்தான். வேண்டாம் என்றால் வேண்டாம். திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். 'உன் இஷ்டம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சிட்டு

---

ஜூன் 8

அண்ணிக்கு,

தபால் தொலைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தொலைபேசியில் நீங்கள் குழந்தைகளோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

மடிக்கிற வேலை கிடைத்துவிட்டது. சின்னவனுக்கு முன்பல் விழுந்தது. அத்தையிடம் சொல்லச் சொன்னான்.

அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சிட்டு

---

ஜூன் 21

அன்புள்ள சிட்டு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் மெலிந்து, வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஊன்றப் பயமாக இருக்கிறது, ஆனாலும் ஊன்றுகிறேன்.

நானும் சில காகிதங்களைக் கிழித்தேன். அதில் ஒன்றில், நீ எதை எழுத வேண்டாம் என்றாயோ அதையேதான் எழுதியிருந்தேன். நல்லவேளை, தபால் பெட்டி வரை நடக்க என்னால் முடியவில்லை.

எனக்குக் கோபம்தான். தம்பியின் இடத்தில் அவர் உட்கார்ந்ததால்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு, நீ பொய் சொன்னதால் என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க வேறு ஒன்று தெரிந்தது. தம்பி உட்காரும் பக்கத்தில் இன்னொருவரைப் பார்க்க முடியாமல் நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறாய். அன்றைக்கு அதைச் சொல்லி அழ உனக்கு ஒருத்தர் இல்லை. என்னிடம் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று எனக்கு ஒரு பையைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறாய். நான் அப்படிப்பட்டவளாகவா உன் கண்ணுக்குத் தெரிந்தேன்?

வகுப்பில் குள்ளமான பிள்ளைகள் கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டால் பெஞ்சு மேல் ஏறி நின்று கரும்பலகையைப் பார்க்கும். யார் பெஞ்சு என்று நான் கேட்டதே இல்லை. பாடம் தெரிகிறதா என்றுதான் கேட்பேன். சின்னவனுக்குக் கடல் தெரிந்திருக்கிறது.

எனக்குச் சம்மதம். அவரிடம் சொல்லிவிடு. வலிக்கவில்லையா என்றால், வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் நானும் இருக்கையில் பையை வைத்தவளாவேன். தம்பியின் படத்தை மட்டும் கூடத்திலிருந்து எடுத்துவிடாதே. அதை அவரிடம் நீ சொல்ல வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். எதிர்ப்பக்கம் கேட்காமலே போய் உட்கார்ந்தவர், இதையும் கேட்காமலே செய்வார்.

மழை விட்டதும் வருகிறேன். மறுபடி கடலுக்குப் போவோம், எனக்கும் சேர்த்துச் சீட்டு எடு. நீங்கள் மூவரும் வழக்கம்போல உட்காருங்கள். நான் எதிரே அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஜன்னல் ஓரம் அவருக்கே இருக்கட்டும். நான் ஊரைப் பார்க்க வரவில்லை.

உன் அண்ணி