மீன் பெட்டிக்குள் ஒரு வருகைப்பதிவேடு

சிதம்பரம்,
ஜூன் 12.

அன்பு எழிலனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, கயல் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயிலுக்குத்தான் எங்கள் மேல் கொஞ்சமும் இரக்கமில்லை. நீ சோலார் வேலைக்குப் போயிருக்கிற அந்த லடாக் குளிரில் உனக்கு மூக்கிலிருந்து ரத்தம் வருவது நின்று, நன்றாகச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ ம், சரிம்மா என்று இரண்டு வார்த்தையில் நழுவிவிடுவாய், மூன்றாவது வார்த்தைக்கு சிக்னல் போய்விடும். பார்சலில் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அப்பா கொடுத்த டெஸ்டர் இரண்டு, தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் இருக்கிறது. எண்ணெய் அங்கே கல்லாக உறைந்துபோகும், வெயிலில் வைத்து எடுத்துக்கொள். நீ போன மாதம் அனுப்பிய 'இந்த மாதம் கற்றுக்கொண்டவை' பட்டியல் வந்தது. மொத்தம் பதினொன்று எழுதியிருந்தாய். ஏழாவதில் சோலார் பேனல் சாய்மானக் கணக்கு தப்பு, சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கயல் ஸ்கூலுக்குப் போகணும் என்கிறாள். இது உனக்குப் புது சேதி இல்லை என்று எனக்குத் தெரியும், திருட்டுப்பயலே, அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். உன்னை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க ஆரம்பித்துப் பதிமூன்று வருஷம் ஆகிறது. அப்போது கயல் ஆறு மாதக் குழந்தை. அவள் இன்று வரைக்கும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தது கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லாம் வாயில் வந்ததைச் சொன்னார்கள், கடலூர் மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னம்மா உன் யுனிவர்சிட்டி எப்படி ஓடுதுன்னு கேட்டார், எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். இப்போது நான் பெற்றதே எனக்கு எதிராக நின்றால் எப்படி இருக்கும் சொல்லு. போன மாதம் முழுக்க நான் நானாக இல்லை.

இது தெரியவந்ததே நம் வண்டியில்தான். மே மாதம் கொல்லிமலை போகலாம் என்று அப்பா மோட்டார் ரிப்பேர் கடையை ஒரு வாரம் மூடினார். மோட்டார் காயில் கட்டக் கொடுத்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்று சண்டை போட்டார்கள், அது வேறு கதை. வண்டியை நான்தான் அடுக்கினேன். நம் ஆம்னி ஆம்புலன்ஸாக ஓடிய வண்டிதானே, இன்னும் அந்த ராசி போகவில்லை, புவனகிரியில் டீ குடிக்க ஒரு வீட்டு ஓரமாக நிறுத்தினால் உள்ளே இருந்து ஒரு அம்மா ஐயோ யாருக்கு என்னா ஆச்சுன்னு ஓடிவருகிறாள். இந்தத் தடவை குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுகிற கொக்கியில் வாழைப்பழச் சீப்பு, கதவு உள்பக்கம் துணிப்பை தைத்து அதில் தட்டு டம்ளர், அஞ்சறைப்பெட்டி மூடி திறந்துகொள்ளாமல் சைக்கிள் ட்யூப் வளையம், சின்ன சிலிண்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டிவைத்து, தண்ணீர் கேன் எதிர்ப்பக்கம். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்துப் பலகைக்கு அடியில் வழக்கம்போல ஆளுக்கு ஒன்றாக நாலு நீலப்பெட்டி. பரங்கிப்பேட்டை லூர்துசாமி அண்ணனிடம் வாங்கிய அந்த மீன் பெட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்தும் இரண்டு மாதம் வண்டி முழுக்க நெத்திலி வாடை அடித்ததே, நினைவிருக்கிறதா. பெட்டியில் அடங்காதது வண்டியில் ஏறாது என்பது நம் வீட்டுச் சட்டம். கயல் மட்டும் அண்ணன் போயி ஒண்ணரை வருஷம் ஆச்சு, அந்தப் பெட்டிய எடுத்துட்டா அரிசி மூட்டைய வச்சிக்கலாமே என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, அண்ணன் மேல் அவ்வளவு பாசம் என்று நான் உருகிக்கொண்டிருந்தேன். நானும் உன் பெட்டியைத் திறந்ததில்லை. நீ கட்டிவைத்துவிட்டுப் போனது எப்படி இருந்ததோ அப்படியே ஏற்றுவேன், அப்படியே இறக்குவேன். அதைத் திறந்தால் நீ இங்கே இல்லை என்பது உறுதியாகிவிடும் போல ஒரு பைத்தியக்காரத்தனம், வேறு என்ன.

விருத்தாசலம் தாண்டி, திட்டக்குடிக்குப் போகிற வழியில் வெலிங்டன் ஏரிக்கரையில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். தண்ணீர் அடியோடு வற்றிக் கிடந்தது, கரை மட்டும் கண்ணுக்கு எட்டிய தூரம் நீண்டது. நான் உடனே கயலிடம் இந்தக் கரையின் நீளத்தை உன் காலடியால் அளந்து மதிப்பிடு, மதகு எத்தனை, எந்தப் பக்கம் பாசனம் என்று கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தேன். லைட்டர் செத்துக் கிடந்தது. தீப்பெட்டியின் மேல் தண்ணீர் கேன் கசிந்து ஊறிப்போயிருந்தது. உன் பெட்டியில் எப்போதும் இன்னொரு லைட்டர் இருக்குமே என்று அப்பா சொன்னார். கயல் எங்கிருந்து ஓடிவந்தாள் என்று தெரியவில்லை, நான் எடுத்துத் தரேம்மா நான் எடுத்துத் தரேம்மா என்று மேலே விழுந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவளை விலக்கிவிட்டு நானே திறந்தேன். மேலே உன் பச்சைப் போர்வை. அதற்குக் கீழே கயிறு, டார்ச், லைட்டர். அதற்கும் கீழே ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம். அட்டையில் பக்கத்துத் தெரு இலக்கியா பேர். உலகத்தில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தை ஒளித்துவைத்துப் படிக்கும், எனக்கு வாய்த்தது பாடப்புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்திருக்கிறது. சிரிப்பு வந்தது என்று நினைக்காதே, அப்போது வரவில்லை. புத்தகங்களுக்கு அடியில் ஒரு நீள நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு முப்பத்துநாலு பேர். ஏழாம் வகுப்பு ஏ பிரிவு மாணவியர் வருகைப்பதிவேடு என்று தலைப்பு. ஒரு வருஷத்துக்கு, ஒவ்வொரு நாளும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சாயங்காலம் இலக்கியாவிடம் கேட்டுக் கேட்டுக் குறித்திருக்கிறாள். சிந்துஜா என்கிற பெண்ணுக்கு ஆறு நாள் ஆப்சென்ட், ஓரத்தில் அம்மை என்று எழுதியிருக்கிறது. பேர்கள் அகர வரிசையில். எட்டாவது பேர் அ. கயல்விழி. ஒருநாள்கூட ஆப்சென்ட் இல்லை. உண்மையில் அந்த வகுப்பில் முப்பத்துமூன்று பேர்தானாம். நானும் ஐந்து வருஷம் டீச்சராக இருந்தவள்தானே, பழக்க தோஷம், கூட்டிப் பார்த்தேன். ஒரு நாள்கூடக் கணக்கு பிசகவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா. உனக்கு இங்க என்னாடி கொறை என்று ஆரம்பித்தேன். உனக்காக வேலையை விட்டேன், உனக்காக வண்டி, உனக்காக மலை, உனக்காக ஏரி என்று ஒரு பாட்டம் பாடினேன். அவள் அழவே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கொறை ஒண்ணும் இல்லம்மா, எனக்குக் கூட்டம் வேணும், ரெண்டு பேரு சண்டை போட்டா நான் யாரு பக்கம்னு யோசிக்கணும், வரிசையில நிக்கணும் என்றாள். அப்புறம் ஏரியைக் கையைக் காட்டி, எனக்கு லீவு வேணும்மா, நான் பொறந்ததுலேருந்து எனக்கு லீவே வந்ததில்ல, எங்க போனாலும் நீ பாடம் எடுக்குற, இந்த ஏரியச் சும்மா பாக்க வுட மாட்டியா என்றாள். இதையெல்லாம் ஒளித்துவைக்க யாருடி உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். அண்ணன்தான் அவன் பெட்டியில வைக்கச் சொன்னான், அம்மா அத மட்டும் தொறக்காதுன்னான் என்று உன்னைக் காட்டிக்கொடுத்தாள். அப்படியென்றால் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு உனக்குத் தெரிந்திருக்கிறது, நான் அதைத் திறக்கமாட்டேன் என்று. அது எனக்குக் கோபமா சந்தோஷமா என்று இன்னும் பிடிபடவில்லை.

கொல்லிமலை போகவில்லை. நான்தான் வண்டியைத் திருப்பச் சொன்னேன். அப்பா திருப்பினார். உனக்குத்தான் தெரியுமே, அந்த மனுஷன் காயில் கட்டுகிற மாதிரி பேச்சையும் உள்ளேயே சுற்றிச் சுற்றி வைத்துக்கொள்வார். பதினெட்டு நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கயல் தானாக எழுந்து, தானாகப் படித்து, நான் கொடுத்த கணக்கை எல்லாம் போட்டு மேசையில் வைத்தாள், ஸ்கூல் என்ற வார்த்தையை மட்டும் எடுக்கவில்லை. சேர்க்கை முடிய மூன்று நாள் இருக்கும்போது அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பையன் ஸ்கூலு வேணான்னான், அவன் பேச்சக் கேட்டு அன்னிக்கே கூட்டியாந்த. பொண்ணு வேணுங்குறா, இவ பேச்சக் கேக்க மாட்டேங்குற. அவ்ளோதான், மோர் ஊத்து என்றார்.

எழிலா, அந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து முடித்துவிட்டு வெளியே வருகிறேன், நீ வராண்டாவில் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறாய். இங்கிலீஷ் ஹோம்வொர்க் எழுதவில்லையாம். என்னைப் பார்த்து, வீட்டுக்குப் போலாம்மா என்று மட்டும் சொன்னாய். நான் யாரையும் கேட்கவில்லை, உன் பையையும் என் பையையும் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். அதை இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் உனக்கு வந்த காய்ச்சலுக்கு அவளுக்கும் சேர்த்துப் பதிமூன்று வருஷம் மாத்திரை கொடுத்திருக்கிறேனே, அவளுக்கு உடம்பு சுடுகிறதா என்று ஒருநாளாவது தொட்டுப் பார்த்தேனா. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கு என்ன, அப்பா அப்படிச் சொன்ன அன்று மத்தியானம் பின்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மறுநாள் அரசு பெண்கள் பள்ளிக்குப் போனோம். ஹெட்மிஸ்ட்ரஸ் ராமாமிர்தம் மேடம், கண்டிப்பானவர்தான், ஆனால் நல்ல மாதிரி. டி.சி. இல்லாட்டிப் பரவாயில்ல, வயசுக்கு எட்டாம் வகுப்புல போடலாம், அம்மா கையெழுத்து மட்டும் வேணும் என்றார்கள். ஒரே ஒரு கையெழுத்து. போட்டுவிட்டேன். அதற்கு மேலே பாரத்தில் முன்பு படித்த பள்ளி என்று ஒரு கட்டம். நான் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். கோடு போட்டுடுங்க என்றார் மேடம். கயல் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். முன்பு படித்த பள்ளி என்ற இடத்தில் எங்கள் வீடு, சிதம்பரம் என்று எழுதினாள். வகுப்பு ஆசிரியர் பேர், அ. இசைவாணி. விலகிய காரணம், ஏழாம் வகுப்பு முடித்துவிட்டேன். மேடம் படித்துப் பார்த்துவிட்டு அப்படியே சீல் வைத்தார்கள். எனக்கு அந்த ரூமை விட்டு எப்படி வெளியே வந்தேன் என்றே தெரியவில்லை.

மாமாவுக்கு நானே போன் செய்து சொன்னேன், அடுத்தவர் வாயால் போனால் ஜாஸ்தி ஆட்டம் ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை ஜாமெட்ரி பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு கடலூரிலிருந்து வந்துவிட்டார். நான் அப்பவே சொன்னேன்ல என்று மூன்று முறை சொன்னார், எண்ணினேன். சாப்பிட்டு எழுந்ததும் மெதுவாக, ஏன் மச்சான், புள்ளைக்குக் காலாண்டு லீவு வுட்டா அந்த ஆம்புலன்ஸுல என்னையும் ஏத்திக்குவீங்களா என்று அப்பாவிடம் கேட்கிறார். பதிமூன்று வருஷமாக ஆசையாம், கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லையாம். எப்படி இருக்கிறது பார். கொல்லிமலைப் பயணம் இனி அந்த லீவில்தான். கயல் வண்டிக் கதவில் சாக்பீஸால் இங்கே பாடம் கிடையாது என்று பெரிதாக எழுதிவிட்டாள். அழிக்கவில்லை.

இன்றுதான் அவளுக்கு முதல் நாள். எட்டரைக்கு இலக்கியாவோடு போனாள், திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன், பார்க்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். உன் பெட்டியிலிருந்து லைட்டரையும் கயலுடைய சரக்கையும் மட்டும் எடுத்தேன், போர்வையைத் துவைத்து மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன். அந்தப் பெட்டி வண்டியில்தான் இருக்கும், அரிசி மூட்டைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல், உயரத்தில் ஏறும்போது பெல்ட் போட்டுக்கொண்டு, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். பார்சல் கிடைத்ததும் தகவல் சொல். அடுத்த கடிதத்தில் பட்டியல் வேண்டாம் கண்ணு. அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று எழுதாதே. எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
அ. இசைவாணி.