நிற்கும்போது சூடு, ஓடும்போது குளிர்

செப். 9, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே புழுக்கம். கணக்கு வீட்டுவேலை பாதி.

கார் ஏசி மறுபடி சூடு. பள்ளிவிட்டு வரும்போது காலி வீதி நெரிசலில் முகத்துக்கு நேரே கொதிக்கிற கேத்தில் ஆவி. அப்பா கண்ணாடியை இறக்கவில்லை. இறக்கினால் ஏசி வேலைசெய்யவில்லை என்று பக்கத்துக் கார்க்காரனுக்குத் தெரிந்துவிடுமாம். வெந்தாலும் மானத்தோடு வேக வேண்டும்.

சனிக்கிழமை அம்மாவின் கேக் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும். கலியாணக் கேக். மூன்று தட்டு, பட்டர் ஐசிங். வழமையில் மற்றவர்கள் உள்ளே ரெஜிபோம் நுரைக்கட்டை வைத்து வெளியே ஐசிங் பூசுவார்கள், படம் எடுக்க மட்டும். இந்தக் கலியாணப் பொம்பிளைக்கு முழுவதும் தின்னக்கூடிய கேக்தான் வேணுமாம். அம்மாவுக்கு இதுவரை பிறந்தநாள் ஓடர்கள்தான். இதுதான் முதல் கலியாணம். இந்தக் காரில் ஏற்றினால் கொள்ளுப்பிட்டி தாண்டமுன் ஐசிங் வழிந்துவிடும்.

வான் பிடிக்கலாமே என்றேன்.

"போன முறை வான்காரன் பள்ளத்துக்குள்ள விட்டு, கேக்கில இருந்த முயலுக்கு ரெண்டு காதும் போயிட்டுது," என்றா அம்மா. காலண்டரில் சனியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறா. இரண்டு தரம்.

செப். 10, புதன்

பின்னேரம் பாமன்கடை கராஜ். டியூஷன் அதே வழி என்பதால் நானும்.

மெக்கானிக் பாஸ் பொனட்டைத் திறக்கவேயில்லை. ஏசி காற்றுக்கு முன்னால் கையை வைத்தார். கண்ணை மூடினார். நாடி பார்க்கிறாராம்.

"கேஸ்தான் சேர்."

"நானும் அதைத்தான் நினைச்சனான்." அப்பா. நினைக்கவில்லை. காலையில் பெல்ட் என்றார்.

நான்: "ஜூலையில அடிச்ச கேஸ் எங்க போனது?"

பாஸ் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "மகள் லோயரா வருவா போல."

கேஸ் அடித்தார்கள். மரைன் டிரைவில் ஓடிப் பார்த்தோம். குளிர். அப்பா சீட்டியடித்தார். காலி வீதி சிக்னல் லைட்டில் நின்றோம். சூடு. சீட்டி நின்றது.

நி.சூ., ஓ.கு. என்று கொப்பியின் பின்பக்கத்தில் குறித்தேன்.

செப். 11, வியாழன்

தமிழ் சோதனை 81. நூலகத்தில் இரண்டு புத்தகம்.

சித்தப்பா தேத்தண்ணிக்கு வந்தார். அப்பாவின் தம்பி, மேல்மாடி, யூடியூப் பட்டதாரி. ஏசி ஃபில்டரைக் கழற்றி, கொடியில் காய்ந்த என் பள்ளிச் சட்டைக்குப் பக்கத்தில் தட்டினார். சட்டை இப்போது சாம்பல் நிறம். கார் இப்போதும் சூடு.

"அப்ப கம்ப்ரசர் தான்," என்றார். மூன்று பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

செப். 12, வெள்ளி

அம்மாவின் ஃபிரிட்ஜ் தெர்மோமீட்டரைக் கார் ஏசி வாயில் கட்டினேன்.

ஓடும்போது: 9.
லைட்டில் மூன்று நிமிஷம்: 26.
திரும்ப ஓட: 10.

ஆகவே கேஸ் இருக்கிறது. காற்று முன்னால் அடித்தால் குளிர்கிறது. நிற்கும்போது அந்தக் காற்றைத் தர ஒரு ஃபேன் இருக்க வேண்டுமே? காரோடு ஜப்பானிலிருந்து வந்த புத்தகத்தை எடுத்தேன். நாலு வருஷமாக யாரும் விரிக்கவில்லை. ஒரு எழுத்தும் விளங்காது, ஆனால் படங்கள் அருமை. முன்பக்கம் இரண்டு ஃபேன்.

அப்பாவிடம்: "ஏசி ஃபேன் சுத்துதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

"நீ போய்ப் படி பிள்ளை."

சித்தப்பா: "ஃபேன் சுத்தாட்டி எஞ்சின் எப்பவோ கொதிச்சிருக்குமடி."

"ரெண்டு ஃபேன் இருக்கு சித்தப்பா. படத்தைப் பாருங்கோ."

"அது ஜப்பான் மொடல்."

எங்கள் கார் புத்தளத்தில் விளைந்தது என்று நினைக்கிறார் போல.

அம்மா அறைக்குள்ளிருந்து வந்தா. கை முழுக்க ஐசிங். வீட்டில் ஏசி உள்ள ஒரே அறையில் கேக் இருக்கிறது, அப்பாவுக்கு ஹோலில் பாய். "அவள் சொல்லுறதை ஒருக்காப் பார்த்தா குறைஞ்சா போயிடுவியள்?"

"விடியப் பார்ப்பம்." இருவரும் ஒன்றாக.

ஐசிங் ரோசாப்பூ இதுவரை அறுபத்துநாலு.

செப். 13, சனி

6.30. பொனட் திறந்தது. ஏசியைப் போட்டதும் சுற்ற வேண்டிய ஃபேன் சுற்றவில்லை.

"ஃபேன் பழுது," என்றார் அப்பா, தானே கண்டுபிடித்த குரலில்.

ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு படம். ஃபேன் குறி போட்ட இடத்தைத் தேடினேன். அங்கே இருக்க வேண்டிய சின்னக் கறுப்புக் கட்டை, ரிலே, இல்லை. வெறும் துளைகள்.

"இதில இருந்தது எங்க?"

சித்தப்பா காதைச் சொறிந்தார்.

"அது... சித்திரையில கார் ஹோன் சத்தம் வராமப் போச்செல்லே. ரெண்டும் ஒரே சைஸ். கழட்டி ஹோனுக்குப் போட்டனான். பிறகு ஒண்டு வாங்குவம் எண்டு..."

ஐந்து மாதம். இரண்டு தரம் கேஸ். ஒரு பள்ளிச் சட்டை.

ரிலே விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகள் ஒன்பதுக்குத்தான் திறக்கும். கேக் ஒன்பதுக்குக் கொட்டாஞ்சேனையில் நிற்க வேண்டும். ஒன்று ஹோன், அல்லது குளிர்.

"ஹோன் இல்லாமல் கொழும்பில எப்பிடி ஓடுறது?" அப்பா உண்மையாகவே பயந்துவிட்டார். பிரேக் இல்லை என்றிருந்தால் இவ்வளவு வெளிறியிருக்க மாட்டார்.

அம்மா: "கழட்டுங்கோ."

மாற்றிப் போட்டார்கள். ஃபேன் சுற்றியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

நான் பின்சீட்டில், கீழ்த்தட்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டு. பம்பலப்பிட்டியில் ஒரு ஓட்டோ குறுக்கே வர அப்பா ஸ்டீரிங் நடுவை அமத்தினார். சத்தமில்லை. இன்னும் பலமாக அமத்தினார். வாயால் திட்டினார், கண்ணாடி மூடியிருந்ததால் எல்லாம் எங்களுக்கே. புறக்கோட்டையில் லொறிக்குப் பின்னால் பதினைந்து நிமிஷம் அசையவில்லை. நான் தெர்மோமீட்டர் இலக்கம் வாசித்தேன்: 11. 11. 12. 11. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினா.

8.50 மண்டபம். ஒரு இதழும் சாயவில்லை. பொம்பிளையின் தாய் கேக்கைச் சுற்றி ஒரு தரம் நடந்தா. பிறகு அம்மாவின் நம்பரை ஃபோனில் போட்டுக்கொண்டு, "எனக்கு இன்னும் ரெண்டு பெட்டையள் கலியாணத்துக்கு இருக்கினம்," என்றா. அம்மா நம்பரைத் திரும்பவும் சொன்னா.

அப்பா பொம்பிளையின் தகப்பனிடம்: "ஏசியில ஒரு சின்னப் பிரச்சினை. கண்டுபிடிச்சிட்டம்." எங்களில் யார் என்று அவர் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா பொனட்டைத் திறந்தார், ரிலேயைத் திரும்ப ஹோனுக்கு மாற்ற.

"விடுங்கோ," என்றா அம்மா. "மூண்டு நாளா ஓவனுக்கு முன்னால நிண்டனான். வீட்ட போகுமட்டும் குளிரட்டும்."

முன்சீட்டைச் சரித்தா. கோட்டை வரமுன் நித்திரை, வாய் திறந்தபடி. நகத்தில் பச்சை ஐசிங். அப்பா ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டார். பிறகு இன்னொன்றுக்கும். கொள்ளுப்பிட்டி லைட்டில் பின்னால் நின்ற வான்காரன் விடாமல் ஹோன் அடித்தான். அப்பா முழுதாகத் திரும்பி, அவனைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தார்.