விசர் என்ற ஞானியும் வெள்ளென என்ற இளவரசியும்

ஞாயிறு பின்னேரங்களின் சொந்தக்காரியான என் தேவகி அக்காவுக்கு,

கிரகாமுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் ஆட்டக்கூட்டத்தில் தாடியோடு உங்களுக்குப் பக்கத்தில் இருப்பாரே, லிப்ட் திருத்தும் வேலை செய்கிறவர், அவர்தான். ஆஸ்பத்திரிக் காசுப் பெட்டிப் போனிலிருந்து எடுத்தார். குழந்தைக்கு நீங்கள் கட்டிய எல்ஃப் மொழியிலிருந்துதான், உங்கள் கதையின் இளவரசியுடைய பெயரையே வைக்கப்போவதாகச் சொன்னார். வெள்ளெனா.

"உச்சரிப்பு எனக்குச் சரியாக வருகிறது, வதனி," என்றார். "நாக்கை மடித்து இரண்டு எல் சொல்லிக் காட்டினேன், நர்ஸ் பயந்துபோனாள். ஆனால் என் மாமியார் அர்த்தம் கேட்கிறார். தேவகியின் தாளில் 'ஒளிக்கு முன்னே வருகிறவள்' என்று இருக்கிறது. அது உண்மையா, அவர் சும்மா சொன்னதா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருந்தது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். சிரிப்போடு பதில் சொன்னால் அந்த மாமியார் நம்பமாட்டார்.

நான் லண்டனுக்கு வந்த புதிதில், ஸ்ட்ரெதமில் ஒரு பேப்பர் கடைக் கண்ணாடியில் நீங்கள் ஒட்டியிருந்த அறை வாடகை அட்டையைப் பார்த்துத்தான் உங்கள் கதவைத் தட்டினேன். கதவு திறந்ததும் நீங்கள் தமிழில் பேசினீர்கள். ஆனால் அது என் தமிழ் இல்லை. நீங்கள் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சூட்கேசோடு ஓடி வந்தவள். முதல் ஒரு மாதம் நான் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "இன்னொரு தடவ சொல்லு லா," என்பீர்கள். உங்களுக்கு விளங்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு நானும் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொல்லுவேன்.

ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் ஒரு பை நிறையப் பலமுகத் தாயக்கட்டைகளோடு எங்கேயோ போவீர்கள். கேட்டால், "கதை ஆட்டம்," என்பீர்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளே வீரர்களாக நடப்பார்களாம். கதை சொல்கிறவர் நீங்கள். கதையில் வருகிறவர்கள் எல்ஃப்கள், காட்டில் வாழ்கிற, காது கூர்மையான, ஆயுள் நீண்ட மனிதர்கள். வளர்ந்த பெண்ணுக்கு இது என்ன வேலை என்று நான் மனதுக்குள் நினைத்ததை இப்போது சொல்லிவிடலாம்.

பிறகு அந்தக் குளிர்கால ஞாயிறு. நீங்கள் வீட்டுச் சாவியை விட்டுவிட்டுப் போனீர்கள். எனக்கோ மாலையில் சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நீங்கள் கூடுகிற மண்டபத்துக்கு வந்தேன். கதவைத் திறந்தால் நாலைந்து வெள்ளைக்காரர் மேசையைச் சுற்றி. கிரகாம் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, கோயிலில் நிற்பதுபோல் நின்றார்.

"காட்டின் மூத்த ஞானியே, மாட்சிமை பொருந்திய விசர் அவர்களே," என்றார்.

எங்கள் ஊரில் விசர் என்றால் பைத்தியம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்து லைப்ரரியில் வேலை செய்யும் போலின் தன் பங்குக்கு எழும்பி, குதிரைவீரன் கெதியாவை அனுப்பி, ஏலாது என்னும் கோட்டைக் கதவைத் திறக்கச் சொன்னாள். விரைவாக என்பதற்கு நாங்கள் சொல்வது கெதியா. முடியாது என்பதற்கு ஏலாது. முடியாத கதவை எப்படித் திறப்பது? அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு டிராகன் படுத்திருந்தது. அதன் பெயர் புழுக்கொடியல். முந்தின மாதம் என் சித்தி பார்சலில் அனுப்பிய, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த அதே புழுக்கொடியல்தான். நீங்கள் ஒரு துண்டைக் கடித்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அந்தக் கோபத்தில் டிராகனாக்கிவிட்டீர்கள் போலும்.

"ழ சரியாக வரவில்லை, போலின்," என்று நீங்கள் ஆங்கிலத்தில் கண்டிப்பாகச் சொன்னீர்கள். "பெயரை ஒழுங்காகச் சொல்லாவிட்டால் டிராகன் திரும்பிப் பார்க்காது. எல்ஃபும் திரும்பிப் பார்க்கமாட்டார். அதுதான் இந்தக் காட்டின் சட்டம்."

நான் வாசலிலேயே குந்தி இருந்து சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவர்களும் ஏன் என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். நீங்கள் மட்டும் முகம் சிவந்து தாயக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

ஆனால் பஸ்ஸில் போகும்போது சிரிப்பு நின்றுவிட்டது. கடையில் மனேஜர் என் சட்டையில் 'விக்கி' என்று அட்டை குத்தியிருந்தார், வதனி அவருக்கு வாயில் வரவில்லையாம். ஊரிலிருந்து வரும் செய்தி ஒன்றும் நல்லதாக இல்லை. இந்த நிலையில் என் வாய்ச்சொல் உங்களுக்கு டிராகன் பெயரா? அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அங்க எங்கட சனம் தமிழ் எண்டு சொல்லி அடி வாங்குது. நீங்கள் எங்கட பேச்சை வச்சு வெள்ளைக்காரருக்கு விளையாட்டுக் காட்டுறியள். எங்கட பாஷை உங்களுக்குப் பகிடியோ, அக்கா?"

நீங்கள் அடுப்பை அணைத்தீர்கள்.

"பகிடின்னா கிண்டலா?" என்று கேட்டீர்கள். "கிண்டல் இல்ல, வதனி. எங்க ஊர்ல தமிழ்ன்னா வீட்டுல திட்டு வாங்குறதுக்கு, சந்தையில பேரம் பேசுறதுக்கு. நல்லதா எதாச்சும் சொல்லணும்னா இங்கிலீஷ். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஒரு நாள் நீ போன்ல உங்க அண்ணன்கிட்ட 'நாளைக்கு வெள்ளென எழும்போணும்'னு சொன்ன. நான் படியில நின்னுட்டேன். இதுவும் என் பாஷைதானா, இவ்ளோ அழகா இருக்கேன்னு. வெள்ளென. வானம் வெள்ளுன்னு வெளுக்கிற நேரம். அப்படித்தானே?"

பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற சொல் அது. சீக்கிரமாக என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்குள்ளே வெள்ளை இருப்பதை நான் பார்த்ததே இல்லை. உடனே விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அது சரி. ஞானிக்கு ஆரும் விசர் எண்டு பேர் வைப்பினமோ?"

"ஏன், ஞானிங்க எல்லாம் கொஞ்சம் விசர்தானே?"

எனக்குத் திரும்பச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிக்கவைக்கிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அடுத்த ஞாயிற்றிலிருந்து நானும் வந்தேன். ஆட வரவில்லை, உச்சரிப்புப் பார்க்க வந்தேன். உங்கள் ல, ள இரண்டும் ஒன்றாகத்தான் விழும் அக்கா, கோபிக்காதீர்கள். ழ-வுக்கு நாக்கை மேலே மடிக்கவேண்டும், ஆனால் அண்ணத்தில் முட்டக்கூடாது என்று நான் சொல்ல, எல்லோரும் வாயைத் திறந்து ஒருவர் வாயை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். கிரகாம் லிப்டுக்குள்ளே நின்று பழகினாராம், அங்கே நன்றாக எதிரொலிக்கிறதாம். போலினுக்கு மூன்றாம் வாரம் ழ வந்தது. அன்று அவள் தற்செயலாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வதனி. த-வில் நாக்கு பல்லைத் தொட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். திங்கட்கிழமை கடைக்குப் போய் அந்த 'விக்கி' அட்டையைக் கழற்றி மனேஜரின் மேசையில் வைத்தேன்.

பிறகு அம்மா வந்தார். ஊரில் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர். வந்த நாளிலிருந்து ஜன்னலோரக் கதிரையில் இருந்து தெருவைப் பார்ப்பார். கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். நீங்களும் என்னவெல்லாமோ செய்து பார்த்தீர்கள். உங்கள் தமிழ் அம்மாவுக்குச் சினிமாத் தமிழ்போல இருந்ததாம், அதனால் பதில் சொல்லக் கூச்சப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுடைய அறைக்கு அலுமாரி பொருத்த கிரகாம் வந்தார். வேலை முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அறை வாசலில் நின்று, எல்ஃப் முறைப்படி தலை குனிந்து விடைபெற்றார்.

"போட்டு வாறன்," என்றார், எங்கள் ஊர்ப் 'போய்வருகிறேன்'.

அம்மா தெருவிலிருந்து பார்வையை எடுத்தார்.

"பிள்ளை, உவர் ஆர்?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவரையே கேட்டார். "தம்பி, நீங்கள் எந்த ஊர்?"

கிரகாமுக்கு விளங்கவில்லை. ஆனால் யாரோ எல்ஃப் மொழியில் பேசுகிறார், பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. "கெதியா," என்றார்.

"பசி போல. கெதியாக் கேக்கிறார்," என்று அம்மா எழும்பிவிட்டார். வந்த நாளிலிருந்து அன்றுதான் அடுப்படிக்குப் போனார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. முடிய முடியத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். கிரகாம் வியர்த்துப்போய், தெரிந்த சொல்லையெல்லாம் தேடி, கடைசியில் கோட்டைக் கதவின் பெயரைப் பிடித்தார்.

"ஏலாது."

"ஏலாதெண்டா விடுங்கோ, தம்பி. வயித்தை வருத்தக்கூடாது," என்றார் அம்மா. எவ்வளவு சரியான இடத்தில் வந்து விழுந்தது அந்தச் சொல். நீங்கள் படிக்கட்டில் இருந்து வாயில் துவாய்த் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

அவர் போன பிறகு, அவர் பேசியது எல்ஃப் மொழி என்று நான் சொன்னதும் அம்மா விடவில்லை.

"எல்ஃப் எண்டால் ஆர்?"

"காட்டில இருக்கிற ஆக்கள் அம்மா. கனகாலம் சீவிக்கிறவை."

"எங்கட பாஷை அவைக்கு எப்பிடித் தெரியும்?"

நீங்கள்தான் சொன்னீர்கள். "அவங்களும் எங்கேயோ இருந்து ஓடி வந்தவங்கதாம்மா. வழியில கத்துக்கிட்டாங்க."

அம்மா தலையாட்டினார். அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஊரைப் பற்றி, மாமரத்தைப் பற்றி, பூட்டி வந்த கதவைப் பற்றி எல்லாம் பேசினார். நாங்கள் இருவரும் தட்டைக் கழுவ எழும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நீங்கள் நோயில் படுத்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது பிடிக்காது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், நீங்கள் அப்போது நித்திரை. புது நர்ஸ் ஒருத்தி வந்து "டெபி" என்று கூப்பிட்டாள். கிரகாம் எழும்பி, மிகப் பணிவாக, "பெயரை ஒழுங்காகச் சொல்லாவிட்டால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்," என்றார். அவள் கோபிக்கவில்லை. இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். "தேவகி" என்று அவள் சரியாகச் சொன்னபோது நீங்கள் கண் திறந்தீர்கள். அது தற்செயலா, அக்கா? உங்களை நம்ப ஏலாது.

நேற்று கிரகாமுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். வெள்ளென என்றால் எங்கள் ஊரில் சீக்கிரமாக என்று அர்த்தம், பஸ் பிடிக்கப் போகிறவர்களும் பால் கறக்கிறவர்களும் சொல்கிற சாதாரணச் சொல். ஆனால் அதற்குள்ளே வானம் வெளுக்கிற நேரம் இருக்கிறது, தேவகி அக்கா சொன்னதும் பொய் இல்லை. பெயரை மாற்றிவிடுவாரோ என்று பயந்தேன்.

"பால் கறக்கிறவர்கள் சொல்கிற சொல்லா," என்றார். "அப்படியென்றால் இன்னும் நல்லது. அதை நாள்தோறும் யாரோ சொல்லிக்கொண்டிருப்பார்கள்."

இன்று பதிவு செய்துவிட்டார்கள். கடைசி எழுத்தை மட்டும் நீட்டித்தான் சொல்கிறார்கள். "அது வெள்ளெனா இல்லை, வெள்ளென," என்று அம்மா போனில் சத்தம் போட்டார். இருக்கட்டும், இங்கிலீஷ்காரப் பிள்ளைதானே என்று நான் சமாதானம் சொன்னேன்.

நீங்கள் போன பிறகு கூட்டம் சில மாதம் கூடவில்லை. போன ஞாயிறுதான் திரும்பக் கூடினோம். கதை சொல்ல என்னை இருத்திவிட்டார்கள். எப்படியோ இரண்டு எல்ஃப் கூட்டங்களை ஆற்றங்கரை வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். அங்கேதான் போலின் கேட்டாள், "இவர்கள் பிரியும்போது சொல்வது தெரியும். சந்திக்கும்போது என்ன சொல்வார்கள்?"

உங்கள் தாள்களில் அதற்குச் சொல் இல்லை. அப்போதுதான் உறைத்தது, அக்கா. ஞானி, குதிரைவீரன், கதவு, டிராகன், இளவரசி, எல்லாம் என் வாயிலிருந்து எடுத்தவை. உங்கள் ஊர்ச் சொல் ஒன்றுகூட அந்தக் காட்டில் இல்லை. உங்களுடையது சாதாரணம் என்று நினைத்தீர்களா? நான் ஷிப்ட் முடிந்து, காலில் செருப்பைக் கழற்றுமுன், மேல்படியிலிருந்து நீங்கள் கேட்பீர்களே. சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டீர்கள். "பசியாறியாச்சா?" என்பீர்கள். பசி ஒரு கொதிக்கிற பாத்திரம்போலவும் அது ஆறியதா என்று நீங்கள் தொட்டுப் பார்ப்பதுபோலவும் எனக்கு இருக்கும். நான் ஒரு நாளும் அதை உங்களிடம் சொன்னதில்லை.

"பசியாறியாச்சா," என்றேன் மேசையில் இருந்தவர்களிடம். அர்த்தத்தையும் சொன்னேன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ழ-வும் இல்லை, ள-வும் இல்லை, முதல் தரமே எல்லோருக்கும் வந்துவிட்டது.

இனி அந்தக் காட்டில் இரண்டு பேர் சந்தித்தால் வாளைத் தொடுமுன் அதைத்தான் கேட்பார்கள். நண்பனோ பகைவனோ, கேட்காமல் ஒருவரும் ஒருவரைக் கடந்து போக விடமாட்டேன். இது என் வாக்கு.

உங்கள் காட்டைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சி,
வதனி
ஸ்ட்ரெதம்