பொம்மைக்குள் திராட்சைக் கொத்து

என் அருமைத் தங்கச்சிக்கு,

அழுமூஞ்சி, உன் கடிதாசி வந்தது. பிள்ளை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகுது. அதுக்குள்ள உன் நாத்தனார், "இந்தச் சின்ன மாருல எங்க பால் ஊறப்போகுது, புட்டிப்பாலைக் கொடு"ன்னு சொல்லிட்டாளாக்கும். மகாராணிக்குக் கண்ணுலயே அளவுகோல் போல!

நான் பெருக்கித் துடைக்கிற நர்ஸ் பள்ளிக்கூடத்துல ஒரு மார்பு பொம்மை இருக்கு. ரெண்டு பாதியாத் திறக்கும். நேத்து துடைக்கும்போது பார்த்தா, உள்ளே மஞ்சளா குண்டு குண்டா ரொம்பி இருந்துச்சு.

"இவ்வளவு பாலா டீச்சரம்மா?"ன்னு கேட்டேன்.

அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "அது வெறும் கொழுப்பு, அக்கா. மாரு பெருசு சிறுசா தெரியறது பெரும்பாலும் அதாலதான்"னாங்க. பால் ஊறுறது அதுக்கு நடுவுல இருக்கிற கொத்துலயாம். திராட்சை மாதிரி பொடிப்பொடியா, பதினஞ்சு இருபது கொத்து. ஒவ்வொண்ணுலேர்ந்தும் மெல்லிசா ஒரு குழாய் காம்புக்குப் போகுது. சின்ன மாருலயும் அதெல்லாம் இருக்குமாம். பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறுமாம்.

அதனால புட்டியைத் தூக்கிப் பரண்ல போடு. சந்தேகமா இருந்தா நர்ஸம்மாகிட்ட போய்ப் பிள்ளையை எடை போட்டுப் பாரு. நாத்தனார்கிட்ட கேட்காதே.

என் பெரியவ பிறந்தப்ப என்கிட்டயும் இதையே சொன்னாங்க. யாருன்னு கேட்காதே, நம்ம வீட்டு ஆளுதான். பத்தாம் நாளே பால் கொடுக்கிறதை நிறுத்திட்டேன். அப்புறம் ரெண்டு நாள் மாரு கல்லா கட்டிக்கிச்சு. போட்டிருந்த சட்டை நனைஞ்சு நனைஞ்சு, மாத்திக்கிட்டே இருந்தேன். அப்பக்கூட எனக்குப் பால் இல்லைன்னுதான்டி நம்பினேன்.

உன் அக்கா