மிந்து தொட்டுவைத்த பாயசம்

சான் ஹோசே
12-4-1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ஜலஜா எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் இங்கே நலம், ரவுண்ட் ராக்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள். தன் கையால் எழுதினால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நீ நினைத்துக்கொள்வாயாம், அதனால் என்னை எழுதச் சொல்கிறாள். பத்தாவதோடு நின்றவள் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீங்கள் வந்து போனதிலிருந்து அம்மா ஏன் போனுக்கு வரவில்லை என்று அப்பாவிடம் கேட்டாயாமே. மிந்து போர்னியோ தீவுக்காரி, தயாக் மக்களில் இபான் என்ற கூட்டத்தில் பிறந்தவள், அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அம்மா சம்மதிக்க மாட்டாள் என்று நீயாக முடிவு கட்டிவிட்டாய். அதெல்லாம் இல்லை. மார்ச் விடுமுறைக்கு அவளை அழைத்து வந்தாயே, அன்றைக்கே அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஆற்றங்கரையில் ஊரே ஒரு நீள வீடு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள், முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாழ்வாரம், பாய் முடைவதும் வம்பு பேசுவதும் அங்கேதான் என்று அவள் சொன்னதும், "நம்ம திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் மாதிரின்னா இருக்கு, குழாயடிச் சண்டை உண்டான்னு கேளேன்டா" என்று அம்மா உன்னைப் பிடுங்கியெடுத்தது மறந்துவிட்டதா? குழாய் கிடையாது, ஆறுதான் என்றதும் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வினை வந்தது நீங்கள் கிளம்பினபோது. அப்பா காரை ஸ்டார்ட் பண்ண, ப்ளேன் போய்விடும் என்று நீ பக்கத்து ஸீட்டிலிருந்து எட்டி ஹார்னை அமுக்கிக்கொண்டிருந்தாய். அம்மா பாயசக் கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடினாள். மிந்து ஒரு விரலால் பாயசத்தைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தை அம்மா கையிலேயே கொடுத்துவிட்டுச் சிரித்தபடி ஓடிவிட்டாள். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டுமே, இப்படியா எச்சில் பண்ணித் திருப்பித் தருவா?" என்று அம்மா அத்தனையையும் ஸிங்கில் கவிழ்த்தாள். ஏர்போர்ட்டிலிருந்து வந்த அப்பா பாயசம் எங்கே என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்.

நேற்று மிந்துவே போன் பண்ணினாள். அப்பா ஆபீஸில், அம்மா இடத்தை விட்டு அசையவில்லை, நான்தான் எடுக்க வேண்டியதாயிற்று. என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். எப்படியோ "அம்மா ஆங்க்ரி, பாயசம், ஒய் டச்?" என்று கேட்டேவிட்டேன். பாவம், பதறிப்போனாள். அவர்கள் பக்கத்தில் ஒருவர் சாப்பிடக் கொடுத்ததை வேண்டாம் என்று விட்டுவிட்டு வழி கிளம்பினால் பாம்போ முதலையோ ஏதோ ஒரு ஆபத்து வந்து சேருமாம். சாப்பிட நேரமில்லை என்றால் தொட்டு உதட்டிலாவது வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் கொடுத்தவருக்கு மரியாதை. பள்ளிக்கூடத்துக்குப் படகேறும்போது அவள் அம்மா சோற்றுக் கிண்ணத்தோடு துறை வரைக்கும் ஓடி வருவாளாம்.

அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "என் வயத்துல பொறந்தவன் டைம் ஆச்சு டைம் ஆச்சுன்னு சாவியைச் சுழற்றிண்டு ஓடறான், ஒரு நாளாவது நான் நீட்டினதைத் தொட்டிருக்கானா? இவளானா என் பாயசத்தை விட்டுட்டுப் போகப் பயப்படறா. இவகிட்ட அவனை ஒப்படைச்சுட்டு நான் நிம்மதியாத் தூங்கலாம்" என்றாள். புரிகிறதா அண்ணா? சம்மதம்தான். ஆனால் ஜூனில் வரும் அவர்கள் அறுவடைத் திருநாளுக்கு அப்பாவும் அம்மாவும் நேரிலேயே போய் முறையாகப் பெண் கேட்பார்களாம். அங்கே பன்றிக்கறி வைத்தால் தட்டை மட்டும் தொட்டால் போதுமா என்று மிந்துவிடம் கேட்டு உடனே எழுது. அரிசிக் கள் விஷயத்தில் தொட்டால் மட்டும் போதாது என்கிறார் அப்பா. அம்மா முறைக்கிறாள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஃப்ரீவேயில் பறக்காதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. முதலில் போனை மிந்துவிடம் கொடுக்க வேண்டும், உன்னோடு அப்புறம்தான் அம்மா பேசுவாளாம். உங்கள் இருவருக்கும் பெற்றவர்களின் ஆசீர்வாதம். இருவருக்கும் என்று எழுதச் சொன்னது அம்மா, நான் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா விசாலாக்ஷி
(அவளுக்காக ஜலஜா)