பரசூட் சின்னத்தின் ஊசி

ஒனிஹங்கா, ஆக்லாந்து
9.2.1985

அன்புள்ள எமிலிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீரும் உமது தம்பி ராசனும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உமது விசா வேலை நகருகிறது. ஏப்ரல் கடைசியில் மெடிக்கலுக்குக் கொழும்புக்குக் கூப்பிடுவார்கள், ஆயத்தமாக இரும்.

இனி ஒரு சந்தோஷம், சிரிக்காதேயும். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிழவர், இரண்டாம் உலகப்போரில் கிரீட் தீவில் ஜெர்மன்காரரோடு சண்டை பிடித்தவர், அங்கிருந்து கொண்டுவந்த பரசூட் படைச் சின்னத்தை எனக்கு விற்றுவிட்டார். வளையத்துக்குள் கழுகு பாய்ந்து வருகிறது. நாலு வருஷமாக ஜெர்மன் மெடல் சேர்க்கிறேன், இப்படியொன்று கைக்கு வந்ததில்லை! ஒரே குறை, பின்பக்கத்து ஊசி முறிந்திருக்கிறது. இங்கத்தைய நகைக்கடைக்காரன் போனமுறை வேறொரு மெடலைச் சூடாக்கிக் கருக்கியே விட்டான். நம் கன்னாதிட்டி நகைப்பத்தர் இராசரத்தினத்தின் கைவேலைக்கு ஆக்லாந்து முழுக்கத் தேடினாலும் ஆள் இல்லை. ஆகவே ஊருக்கு வரும் ரதிதேவி அக்காவிடம் கொடுத்த பால்மா டின்னுக்குள் அதைப் புதைத்து அனுப்பியிருக்கிறேன். அவவுக்குத் தெரியாது. ராசனிடம் கொடுத்து ஊசியைப் பற்றவைப்பியும்.

உமது அன்புக் கணவன்,
ஏர்னஸ்ட்


குருநகர், யாழ்ப்பாணம்
11.3.1985

என் அன்பு அத்தானுக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை, குறை நினையாதேங்கோ. ராசனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றோடு ஐந்து நாள்.

பத்தரிடம் போகிற வழியில் மறித்துச் சோதித்ததாகக் கண்டவர்கள் சொன்னார்கள். சட்டைப்பையில் உங்கள் கழுகு. "எந்த இயக்கத்தின்ரை? உனக்கு என்ன பதவி?" என்று றோட்டிலேயே அடித்தார்களாம். "அத்தான் நியூசிலாந்திலை இதுகளைச் சேர்க்கிறவர், ஊசி ஒட்டக் கொண்டுபோறன்" என்று இவன் உள்ளதைத்தான் சொன்னான். முறிந்த ஊசியை ஒட்டக் கடல் கடந்து எவனாவது அனுப்புவானா என்று கேட்டார்களாம். அத்தான், அவர்கள் கேட்டதில் என்ன பிழை?

நாள்தோறும் முகாம் வாசலில் நிற்கிறேன். வித்த மனிதரிடமிருந்து எழுத்தில் ஏதாவது வந்தால் யோசிப்பதாகப் பெரிய அதிகாரி சொன்னார். உடனே வாங்கி அனுப்புங்கோ. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அம்மா சாகும்போது என் கையில் பிடித்துத் தந்த பிள்ளை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

உங்கள்
எமிலி


ஒனிஹங்கா
27.3.1985

அன்புள்ள எமிலிக்கு,

உமது கடிதம் கண்டேன். அன்றே கிழவரிடம் ஓடிக் கடிதம் வாங்கி, ஆக்லாந்து சிற்றியில் ஒரு வக்கீலிடம் முத்திரை வைத்து இதனுடன் அனுப்புகிறேன். ராசனுக்காக ஜெபிக்கிறேன்.

இன்னொன்று. அவனை விடும்போது சின்னத்தையும் கையோடு கேட்டு வாங்கும். தரமாட்டோம் என்றால் ரசீதுத் துண்டெழுதி வாங்கும். ஆமிக்காரருக்கு அதன் அருமை தெரியாது, எங்காவது எறிந்துவிடுவார்கள். கிடைத்தவுடன் மெல்லிய துணியில் சுற்றி வையும். புளி போட்டு மினுக்கிவிடாதேயும், பழைய நிறம் போனால் எல்லாம் போச்சு. கழுகின் நகத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து எழுதும். ஊசியைப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
ஏர்னஸ்ட்


குருநகர்
16.4.1985

ஏர்னஸ்டுக்கு,

ராசன் வந்துவிட்டான். உங்கள் கடிதம் வர ஆறு நாளுக்கு முந்தியே வந்துவிட்டான். எப்படியென்று கேளுங்கள்.

பெரிய அதிகாரி என்னோடு கதைத்தபடியே உங்கள் கழுகைக் கையில் உருட்டி உருட்டி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆசையை நான் வேறு முகத்தில் பார்த்திருக்கிறேன். "ஐயா, அதை நீங்களே வைச்சிருங்கோ. என்ரை தம்பியைத் தாங்கோ" என்றேன். அவர் அதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அன்று பின்னேரம் ராசனை விட்டார்கள்.

வலது கையில் மூன்று விரல் முறிந்திருக்கிறது. சோறு நான்தான் தீத்துகிறேன். தீத்திக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. அவனுக்கு ஒரு வரி ஜெபம், மிச்சமெல்லாம் கழுகு. கழுகின் நகத்தை விசாரித்திருக்கிறீர்கள்! அந்த அதிகாரிகூட அதை எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு மனிசனைத் திருப்பித் தந்தார்.

மெடிக்கலுக்கு நான் போகமாட்டேன். விசாத் தாள்களை இதற்குள் வைத்திருக்கிறேன், அங்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு இனி எழுத வேண்டாம். எழுதுவதென்றால் ராசனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். அவனால் கடிதத்தை உடைக்க முடியாது. நான் உடைத்து வாசித்துக் காட்டுவேன்.

எமிலி